ஊக்கம் எங்கிருந்து வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

வேலை செய்யும் இடத்தில் ஊக்கம் ஏன் குறைகிறது, அது குறைந்தால் வேலை என்ன ஆகிறது என்பதைப் பற்றியே இம்முறை கேள்விகள் மிகுதியாக வந்திருக்கின்றன. முதலாளிகளும் எழுதியிருக்கிறார்கள், பிறரிடம் வேலை பார்ப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். கோவை வட்டாரத்து நூற்பாலைகளில் முப்பத்தொரு ஆண்டுகள் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவன் என்ற முறையில், நான் கண்டவற்றையும் இத்துறை ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்தவற்றையும் வைத்துப் பதில் எழுதுகிறேன். முதல் நாள் வேலைக்கு வரும்போதே ஊக்கமில்லாமல் வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். என் பதில்கள் பெரும்பாலும் அந்த அனுபவத்திலிருந்துதான் பிறக்கின்றன.

கேள்வி: திருப்பூரில் நாற்பது டெய்லர்களை வைத்துச் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். ஷிப்ட் சம்பளத்தில் வேலை மந்தமாக இருந்ததால், ஆறு மாதங்களுக்கு முன் பீஸ் ரேட்டுக்கு மாற்றினேன். உற்பத்தி கூடியது. ஆனால் செக்கிங்கில் ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைப்பதற்கு, திரும்பும் பீஸ்களும் கூடிவிட்டன. நன்றாகத் தைக்கக்கூடிய இருவர் வேலையை விட்டே போய்விட்டார்கள். பணம் கொடுத்தால் ஊக்கம் வரும் என்பது பொய்யா?
– வாசகர், திருப்பூர்

பதில்: பொய் இல்லை. கூலியை உற்பத்தியோடு சேர்த்துக் கட்டினால் உற்பத்தி கூடும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. ஆனால் எதை எண்ணிக் காசு கொடுக்கிறோமோ அதுதான் கூடும். எண்ணாமல் விட்டது குறையும். நீங்கள் ஊசிக்கு அடியில் ஓடும் பீஸ்களை எண்ணினீர்கள், அவை கூடின. தையலின் தரத்தை யாரும் எண்ணவில்லை, அது இறங்கிவிட்டது.

அமெரிக்காவில் கார்களின் முன்கண்ணாடியை மாற்றித் தரும் சேஃப்லைட் என்ற நிறுவனம், 1994, 1995 ஆண்டுகளில் மணிக்கூலியைக் கைவிட்டு, பொருத்தும் கண்ணாடிக்கு இவ்வளவு என்ற கணக்குக்கு மாறியது. எட்வர்ட் லாசியர் என்ற பொருளியலாளர் அங்கிருந்த ஏறத்தாழ மூவாயிரம் தொழிலாளர்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தபோது, ஓர் ஆளுக்கான உற்பத்தி 44 விழுக்காடு உயர்ந்திருந்தது தெரிந்தது. அந்த உயர்வில் ஏறத்தாழப் பாதிதான் இருந்த ஆட்களே முன்பைவிட முனைந்து உழைத்ததால் வந்தது. கைவேகம் உள்ளவர்கள் அந்தக் கம்பெனியைத் தேடி வந்து சேர்ந்ததும், வந்தவர்கள் விலகாமல் நிலைத்ததும் மீதிக்கு முக்கியமான காரணங்கள். உங்களிடம் நடந்தது இதற்கு நேர் மாறானது: அங்கே நல்லவர்கள் வந்தார்கள், இங்கே நல்லவர்கள் போய்விட்டார்கள். ஏன் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

முதல் காரணம் வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு காரின் கண்ணாடியை ஒருவரே பொருத்துகிறார். அது ஒழுகினாலோ விரிசல் விட்டாலோ யார் பொருத்தியது என்பது உடனே தெரிந்துவிடும், அவரேதான் மறுபடி சரிசெய்து கொடுக்க வேண்டும். பனியனில் அப்படி இல்லை. தோளை ஒருவர் சேர்க்கிறார், கையை ஓவர்லாக்கில் இன்னொருவர் ஏற்றுகிறார், அடிமடிப்பைப் பேட்லாக்கில் வேறொருவர் அடிக்கிறார். பழுது சில மணி நேரம் கழித்துச் செக்கிங் மேசையில்தான் கண்ணில் படுகிறது, அதற்குள் பண்டில்கள் (துணிக்கட்டுகள்) கலந்துவிடுகின்றன. இந்த நிலையில் நிதானமாகத் தைப்பவருக்கு வாரக் கடைசியில் குறைந்த சம்பளமும், ஓட்டித் தள்ளியவருக்கு அதிகச் சம்பளமும் கிடைத்தால், சனிக்கிழமை கூலி வாங்கும்போது நல்ல டெய்லர் என்ன நினைப்பார்? தன் கைத்திறமைக்கு இங்கே மதிப்பில்லை என்றுதான் நினைப்பார். பண்டில் சீட்டில் தைத்தவரின் டோக்கன் எண் இருக்கட்டும். செக்கிங்கில் தேறிய பீஸ்கள் மட்டுமே கணக்கில் ஏறட்டும். ஆல்டர் தைத்தவரிடமே திரும்பட்டும். அது முடியாத லைன்களில், லைனுக்கு மொத்தமாக ரேட் பேசி எல்லோருக்கும் பகிர்ந்து கொடுங்கள். சேஃப்லைட்டில் வேலை குறைந்துபோனவருக்கும் அடிப்படைக் கூலி உறுதி செய்யப்பட்டிருந்தது என்பதையும் மறந்துவிடாதீர்கள். துணி வராததாலும் கரண்ட் போனதாலும் பீஸ் குறைந்த நாளின் நட்டத்தை டெய்லரின் தலையில் கட்டினால், அது ஊக்கத்தை வளர்க்காது, அச்சத்தையே வளர்க்கும்.

இரண்டாவது காரணத்தை உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை; நான் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இந்த ஆறு மாதத்தில், டெய்லர்கள் நிறைய சம்பாதிக்கிறார்கள் என்று கண்டு, ரேட்டைக் குறைத்தீர்களா? குறைத்திருந்தால், அல்லது குறைக்கப்போவதாகச் சூப்பர்வைசர் ஒரு வார்த்தை விட்டிருந்தாலும், ஊக்கக் கூலியின் உயிர் அன்றே போயிருக்கும். சிகாகோவை அடுத்த ஹாத்தார்ன் ஆலையில், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்துக்காகத் தொலைபேசி இணைப்புக் கருவிகளுக்குக் கம்பி கட்டிய 14 ஆண்களை 1931, 1932 ஆண்டுகளில் ஆய்வாளர்கள் கூடவே இருந்து கவனித்தார்கள். குழுவின் உற்பத்தி கூடினால் கூலியும் கூடும் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. இருந்தும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அந்தப் பதினான்கு பேரும் தங்களுக்குள் ஓர் அளவை வைத்துக்கொண்டார்கள். அதை மீறி விரைந்தவரின் மேல்கையில் பக்கத்தில் இருந்தவர் குத்துவிடுவதுகூட அங்கே வழக்கமாக இருந்தது. கூடுதலாகச் செய்து காட்டினால் நிர்வாகம் ரேட்டைக் குறைக்கும், அல்லது ஆளைக் குறைக்கும் என்ற அச்சம் அவர்களிடம் இருந்தது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், நூலைக் கோன்களில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில், ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே கைகள் மெதுவாகிவிடும். முதலில் களைப்பு என்றுதான் எண்ணினேன். பிறகு மூத்த தொழிலாளி ஒருவர் தனியே அழைத்துச் சொன்னார்: முன்பு ஒரு தீபாவளிக்கு முன்னால் கூடுதலாக ஓட்டிக் காட்டினார்களாம், தை மாதம் பிறந்ததும் அந்தக் கூடுதலையே நிர்வாகம் எல்லோருக்கும் உரிய வேலைப்பளுவாக நிர்ணயித்துவிட்டதாம். அந்த ஒரு முடிவினால் பத்து ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தை ஆலை இழந்துகொண்டிருந்தது. எனவே, டிசைனோ மெஷினோ மாறினாலொழிய ரேட் மாறாது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒட்டியதைக் காப்பாற்றுங்கள். விலகிப்போன இருவரையும் நேரில் போய்ப் பார்த்து, ஏன் போனார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வது என் பதிலைவிட உங்களுக்குப் பயன்படும்.

கேள்வி: பெரிய ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே இருக்கிறோம். வாரம்தோறும் மேலாளர் கூட்டம் போட்டு, 'உங்களிடம் உற்சாகம் போதவில்லை, வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசுவதில்லை' என்கிறார். எங்கள் மீதுதான் தவறா, ஐயா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: இல்லை, அம்மா. பதினொரு மணி நேரம் நிற்கும் கால்களிடம் முகமலர்ச்சியைக் கேட்பது நியாயமில்லை.

1959ஆம் ஆண்டு ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர், பிட்ஸ்பர்க் நகர்ப்பகுதியில் ஏறத்தாழ இருநூறு பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்து நடத்திய ஆய்வை வெளியிட்டார். வேலையில் மிகவும் மகிழ்ந்த தருணம் எது, மிகவும் வெறுத்துப்போன தருணம் எது என்பவையே அவர் கேட்ட கேள்விகள். ஒரு காரியத்தைச் சாதித்தது, அதை மேலே உள்ளவர்கள் அறிந்து பாராட்டியது, வேலையே பிடித்துப்போனது ஆகியவற்றை மகிழ்ச்சிக்குக் காரணமாகச் சொன்னார்கள். வெறுப்புக்குச் சொன்ன காரணங்கள் வேறு வகையானவை: நிர்வாகத்தின் விதிகள், மேற்பார்வையாளரின் நடத்தை, வேலை செய்யும் இடத்தின் நிலை போன்றவை. ஆகவே நாற்காலி கொடுத்துவிட்டால் ஊக்கம் பொங்கிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் நாற்காலி இல்லாத இடத்தில் வேறு எதைச் சொல்லியும் ஊக்கம் வளராது. இந்த ஆய்வுக்கு மறுப்புகளும் உண்டு. மனிதர்கள் நல்லதற்குத் தங்களையும் கெட்டதற்குப் பிறரையும் காரணமாகச் சொல்வது இயல்பு என்பதால், இந்தப் பிரிவினையே அந்த இயல்பின் விளைவாக இருக்கலாம் என்பார்கள். மறுப்பு நியாயமானதே. இருந்தாலும் உங்கள் கால்வலிக்கு எந்த மறுப்பும் இல்லை.

உங்களுக்குச் சட்டம் துணை இருக்கிறது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் ஜவுளிக்கடைப் பெண்கள் தொடங்கிய போராட்டத்தின் பயனாகக் கேரளம் 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்றபடி எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை அமைத்துத் தர வேண்டும் என்று விதித்தது. கடையில் இருக்கை போட்டிருந்தும், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார் என்றால், அது இருக்கை இல்லாததற்குச் சமம். தனியாகப் போய்ப் பேசாதீர்கள். நான்கைந்து பேராகச் சேர்ந்து, அடுத்த கூட்டத்திலேயே, மேலாளர் உற்சாகம் பற்றிப் பேசும் அந்த நேரத்திலேயே மரியாதையாகக் கேளுங்கள். பலன் இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் கடை முதலாளிகள் ஒரே ஒரு நாள், காலையில் கடை திறந்தது முதல் இரவு அடைக்கும் வரை, விற்பனைப் பிரிவில் உட்காராமல் நின்று பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எம்.பி.ஏ. படிக்கிறேன். மாஸ்லோவின் தேவைப் படிநிலைப் பிரமிடு நடைமுறைக்கு எவ்வளவு பொருந்தும்?
– மாணவர், திருச்சி

பதில்: மனிதத் தேவைகள் பசி, பாதுகாப்பு, உறவு, மதிப்பு என்று படிப்படியாக மேலே போகின்றன என்று உளவியலாளர் ஆப்ரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் பிரமிடு எதுவும் இல்லை, அந்தப் படம் பின்னால் மேலாண்மைப் பாடம் நடத்தியவர்களால் வந்தது. படம் வந்ததால், கீழ்ப்படி நிறைந்த பிறகுதான் மேற்படி என்ற எண்ணமும் உறுதிப்பட்டுவிட்டது. உண்மையில் வயிற்றுப்பாட்டுக்குத் திண்டாடும் தினக்கூலித் தொழிலாளிகூடப் பத்துப் பேர் முன்னிலையில் 'டேய்' என்று அழைக்கப்பட்டால் மறுநாள் அந்த இடத்துக்கு வருவதில்லை. மானமும் பசியும் ஒரே நேரத்தில் இருப்பவை. தேர்வுக்குப் பிரமிடை எழுதுங்கள். வேலைக்குப் போன பின் இதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் கிளை மேலாளராக இருக்கிறேன். மாத டார்கெட் தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறது. டார்கெட் இல்லாவிட்டால் யாரும் வேலை செய்ய மாட்டார்கள் என்கிறார்கள் மேலே இருப்பவர்கள். டார்கெட்டால்தான் எங்கள் கிளையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பொய்க்கணக்கு எழுதுகிறார்கள் என்கிறேன் நான். எது சரி?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டுமே சரி. இதற்கு இரண்டு உண்மை நிகழ்வுகளை அடுத்தடுத்து வைத்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், காட்டிலிருந்து மில்லுக்கு மரம் ஏற்றிச் செல்லும் லாரிகள், சட்டம் அனுமதிக்கும் எடையில் 60 விழுக்காட்டு அளவுக்கே பாரம் ஏற்றிக்கொண்டிருந்தன. 'முடிந்த அளவு நன்றாக ஏற்றுங்கள்' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தும் பயனில்லை. கேரி லேதம் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஓட்டுநர்களிடம் திட்டமான ஓர் இலக்கைக் கொடுத்தார்கள்: அனுமதித்த எடையில் 94 விழுக்காடு. எட்டினால் பரிசும் இல்லை, எட்டாவிட்டால் தண்டனையும் இல்லை. சில மாதங்களில் ஏற்றும் பாரம் 90 விழுக்காட்டைத் தாண்டியது, தாண்டிய இடத்திலேயே நின்றது. ஓட்டுநர்கள் தாங்களாகவே எடையைக் குறித்துவைத்து ஒருவரோடு ஒருவர் போட்டியிடத் தொடங்கினார்கள். கூலி உயரவில்லை, லாரியும் மாறவில்லை. 1975இல் வெளிவந்த இந்த ஆய்வு, தெளிவான, சற்றுக் கடினமான இலக்கு தரும் ஊக்கத்துக்கு இன்றும் எடுத்துக்காட்டாக இருக்கிறது.

மற்றொன்று வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கணக்கு, கார்டு, கடன் என எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று அந்த வங்கி இலக்கு வைத்திருந்தது. அந்த இலக்கை எட்டாத ஊழியர்களுக்கு நாள்தோறும் நெருக்கடி, வேலை போகும் என்ற அச்சம். விளைவாக, வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் அமெரிக்க அரசு அமைப்புகள் அந்த வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதித்தபோது, இப்படித் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் ஏறத்தாழ 20 இலட்சம் என்று சொல்லப்பட்டது. பின்னர் அந்த எண்ணிக்கை 35 இலட்சமாக உயர்ந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 5,300 பேர்.

இரண்டும் இலக்குகளே. லாரி ஓட்டுநரால் தன் பாரத்தைத் தானே கூட்ட முடியும். எத்தனை கட்டை ஏற்றுவது என்பது அவர் கையில் இருக்கிறது. எட்டாவது சேவை தனக்கு வேண்டுமா என்பதை வாடிக்கையாளர்தான் முடிவு செய்ய முடியும், வங்கி ஊழியர் அல்லர். லாரி எடைமேடையில் ஏறி நிற்கும்போது பொய் சொல்ல வழியில்லை. வங்கிக் கணக்கைப் பெயருக்குத் திறந்துவிட முடியும். மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: லாரி ஓட்டுநர்களுக்கு, எட்டாமல் போனாலும் வேலை போகாது என்று முன்னதாகவே சொல்லியிருந்தார்கள். அச்சம் இல்லாத இடத்தில் இலக்கு விளையாட்டுப்போல மனத்தை ஈர்க்கிறது. அச்சம் உள்ள இடத்தில் தப்பிக்கும் வழியைத் தேடவைக்கிறது.

தலைமை அலுவலகத்தின் டார்கெட்டை நீங்கள் மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கிளைக்குள் எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. இத்தனை கடன் கொடுக்க வேண்டும் என்பதை, இத்தனை பேரை நேரில் சந்திக்க வேண்டும், வந்த விண்ணப்பங்களை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று, ஊழியரால் தாமே செய்யக்கூடிய செயல்களாக மாற்றுங்கள். மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்த ஊழியரை மற்றவர்கள் முன் நிறுத்திக் கேள்வி கேட்கும் வழக்கம் உங்கள் கிளையில் இருந்தால், அதை நாளைக்கே நிறுத்துங்கள். பொய்க்கணக்கு பெரும்பாலும் அந்தக் கூட்டத்துக்கு முந்தின இரவில்தான் எழுதப்படுகிறது.

கேள்வி: எங்கள் விசைத்தறிக் கூடத்தில் ஆட்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள். அவர்களுக்கு ஊக்கம் தரும் பேச்சாளர் ஒருவரை அழைக்க நினைக்கிறேன். பயன்படுமா?
– வாசகர், சோமனூர்

பதில்: பேச்சாளரை அழைக்கும் முன் ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தோடு தறிகளுக்கு நடுவே நில்லுங்கள். ஒவ்வொரு தறியும் எத்தனை முறை நின்றது, எதனால் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதுங்கள். பாவு நூல் அறுந்ததால் நின்றதா, ஊடை நூல் வந்து சேராததால் நின்றதா, பாகம் வாங்கிவர ஆள் கோவைக்குப் போயிருந்ததால் நின்றதா, நெய்பவர் வெளியே டீக்கடையில் நின்றதால் நின்றதா என்பது அப்போது தெரியும்.

ஒருவரின் வேலைத் திறன் மூன்று பொருள்களால் ஆனது: செய்யத் தெரிந்திருக்க வேண்டும், செய்ய மனம் இருக்க வேண்டும், செய்ய வழி இருக்க வேண்டும். இவற்றைக் கூட்டிப் பார்க்கக் கூடாது, பெருக்கிப் பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியம்தான். நூல் தரமில்லாமல் நிமிடத்துக்கு ஒரு முறை பாவு அறுந்தால், எவ்வளவு மனம் இருந்தாலும் மீட்டர் ஏறாது. மீட்டர் ஏறாவிட்டால் கூலி ஏறாது. சில மாதங்கள் அப்படிப் போனால் மனமும் போய்விடும். அந்தக் கட்டத்தில் வந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவர் சோம்பேறியாகத் தெரிவார்.

மும்பைக்கு அருகே பருத்தித் துணி நெய்யும் ஆலைகளில் 2008 முதல் நடந்த ஒரு பெரிய ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். நிகோலஸ் புளூம் முதலிய பொருளியலாளர்கள் 17 நிறுவனங்களின் 28 ஆலைகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே நூல் பெட்டிகள் பெயர்ச்சீட்டில்லாமல் குவிந்து கிடந்தன; துணியில் எந்தப் பழுது எந்தத் தறியில் வந்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை; தறி பழுதாகி நின்ற பிறகே மெக்கானிக் தேடப்பட்டார். சில ஆலைகளுக்கு மட்டும் சில மாதங்கள் ஆலோசகர்களை அனுப்பி, பழுதைத் தினமும் எழுதுவது, தறியை முன்கூட்டியே பராமரிப்பது, கையிருப்பை ஒழுங்காக அடுக்குவது, நன்றாகச் செய்பவருக்கு ஊக்கத்தொகை தருவது போன்ற எளிய பழக்கங்களைக் கொண்டுவந்தார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. அந்தப் பட்டியலில் ஊக்கத்தொகை ஒன்றுதான்; மற்றவை பெரும்பாலும் வேலை செய்பவரின் வழியில் கிடந்த தடைகளை அகற்றியவை.

பேச்சாளருக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தில் உதிரி பாகங்களை வாங்கிக் கூடத்திலேயே வையுங்கள்.

கேள்வி: தீபாவளி போனஸ் ஊழியரின் ஊக்கத்தைக் கூட்டுமா?
– வாசகி, சிவகாசி

பதில்: கொடுத்தால் ஊக்கம் கூடிவிடாது, கொடுக்காவிட்டால் நிச்சயம் குறையும். போனஸுக்குச் சட்டப்படி குறைந்த அளவு 8.33 விழுக்காடு, அதிக அளவு 20 விழுக்காடு என்ற வரம்பு நம்மிடம் நன்கு அறிமுகமானது. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். தொழிலாளி அதை ஆண்டு முழுவதும் உழைத்து, வாங்காமல் விட்டுவைத்த கூலியாகவே பார்க்கிறார். பிள்ளைகளின் துணிமணிக்கும் அடைக்க வேண்டிய கடனுக்கும் அது முன்கூட்டியே கணக்கில் வந்துவிடுகிறது. உரிமையாக வரவேண்டியதைப் பரிசுபோலப் பேசிக் கொடுத்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். சரியான தேதியில், தாமதமில்லாமல், கணக்கைக் காட்டிக் கொடுங்கள். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் இருக்கிறேன். புதிதாக வந்த இளநிலை உதவியாளர் ஒருவர், 'நூறு கோப்பு முடித்தாலும் பத்து முடித்தாலும் ஒரே சம்பளம்தானே, மேடம்' என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: சொல்லாதீர்கள், காட்டுங்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், பழைய மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து நன்கொடை கேட்கும் ஊழியர்கள் இருந்தார்கள். நாள் முழுவதும் மறுப்பையே கேட்கும் வேலை அது. அங்கே ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட ஒரு சோதனையை நடத்தினார். ஊழியர்களில் ஒரு பிரிவினர், அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் மாணவர் ஒருவரை ஐந்து நிமிடம் நேரில் சந்தித்துப் பேசினார்கள். இன்னொரு பிரிவினர் அந்த மாணவர் எழுதிய கடிதத்தை மட்டும் படித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, நேரில் சந்தித்தவர்கள் தொலைபேசியில் பேசிய நேரம் இரு மடங்குக்கு மேலும், திரட்டிய தொகை இரண்டரை மடங்குக்கு மேலும் உயர்ந்திருந்தன. கடிதம் படித்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சம்பளம் இரு பிரிவுக்கும் ஒன்றுதான்.

உங்கள் பிரிவுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி இருக்க முடியாது. அந்த இளைஞரின் மேசையில் இருப்பவை முதியோர் ஓய்வூதியமும் விதவை ஓய்வூதியமும் கேட்டு வந்த விண்ணப்பங்கள். அவருக்கு அவை எண்களாகத் தெரிகின்றன, ஏனென்றால் அவர் எண்களை மட்டுமே பார்த்திருக்கிறார். அடுத்த முறை ஆணை வழங்கும்போது அவரையே கிராமத்துக்கு அழைத்துச் சென்று, அவர் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். நான்கு மாதம் கிடந்த ஒரு கோப்பினால் மருந்து வாங்க முடியாமல் இருந்த ஒரு மூதாட்டி என்ன சொல்கிறார் என்பதை அவர் காதால் கேட்கட்டும். பிறகு சில கிராமங்களின் கோப்புகளை முழுப் பொறுப்பாக அவரிடம் விடுங்கள். இது என் வேலை, இதை நானே முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஓர் இடம் இருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. வேலையின் பெருமையைக் காட்டி, உரிய சம்பளத்தையும் விடுப்பையும் மறுக்கும் நிர்வாகங்கள் உண்டு. செவிலியர்களிடமும் தனியார் பள்ளி ஆசிரியர்களிடமும் இது மிகுதியாக நடக்கிறது. தொண்டு என்ற சொல்லைச் சம்பளத்துக்கு ஈடாக வைப்பது ஏமாற்று. உங்கள் அலுவலகத்தில் அந்த நிலை இல்லை என்பதால்தான் இந்த வழியைத் துணிந்து சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு நாற்பத்தொரு வயது. ஒரே நிறுவனத்தில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற ஆண்டு எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு, என்னிடம் வேலை கற்றுக்கொண்டவருக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து வேலையில் மனம் ஒட்டவில்லை. முன்பு இரவு எட்டு மணி வரை இருந்தவன் இப்போது ஐந்தரைக்குக் கிளம்பிவிடுகிறேன். நான் மோசமான ஊழியனாகிவிட்டேனா?
– வாசகர், ஓசூர்

பதில்: ஆகவில்லை. நீங்கள் செய்வதற்கு ஆய்வாளர்கள் 1960களிலேயே விளக்கம் எழுதியிருக்கிறார்கள். மனிதன் தான் கொடுப்பதையும் பெறுவதையும், பக்கத்தில் இருப்பவன் கொடுப்பதோடும் பெறுவதோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறான். தராசு சாய்ந்திருப்பதாகத் தோன்றினால், பெறுவதைக் கூட்ட வழியில்லாதபோது கொடுப்பதைக் குறைத்துச் சமன் செய்கிறான் என்றார் ஸ்டேசி ஆடம்ஸ். ஐந்தரைக்குக் கிளம்புவது நீங்கள் உங்களுக்குச் செய்துகொண்ட நியாயம். உண்மையில் ஐந்தரை மணி உங்கள் வேலை முடியும் நேரம்தான் என்றால், இதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை. பதினாறு ஆண்டுகளாக நீங்கள் கொடுத்துவந்த கூடுதலை நிறுத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தருவது வேறு. உங்களுக்கு ஏன் அந்தப் பதவி கிடைக்கவில்லை என்பதை யாராவது உங்களிடம் சொன்னார்களா என்பது கடிதத்தில் இல்லை. பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். காரணம் தெரியாத இடத்தை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது, நிரப்பும்போது மிகக் கசப்பானதையே எடுத்து நிரப்புகிறது. என் பணிக்காலத்தில் பதவி உயர்வு கிடைக்காதவர்களை அழைத்து, காரணத்தை மறைக்காமல் சொல்லும் பொறுப்பு பலமுறை எனக்கு வந்தது. அவை கடினமான பேச்சுகள். சிலர் கோபப்பட்டார்கள், ஒருவர் அழுதார். ஆனால் காரணம் கேட்டுப் போனவர்களில் பலர் மறுபடி வேலையில் ஒட்டிக்கொண்டார்கள். ஒருமுறை, சங்கடமாக இருந்ததால் ஒரு ஃபோர்மேனிடம் பேசாமல் நாட்களைத் தள்ளினேன். அவர் ஓய்வுபெறும் வரை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

ஆகவே உங்கள் மேலதிகாரியிடம் நேரம் கேட்டு வாங்குங்கள். புகாராக வேண்டாம். 'சென்ற ஆண்டு என்னைத் தேர்ந்தெடுக்காததற்கு என்ன காரணம், அடுத்த வாய்ப்புக்கு நான் எதைச் செய்து காட்ட வேண்டும்' என்று இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால், அது உங்களுக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும், அதை வைத்து ஒரு முடிவெடுக்கலாம். மழுப்பலான பதில் வந்தால், உங்கள் பதினாறு ஆண்டு அனுபவத்துக்கு ஓசூரிலேயே வேறு எத்தனை தொழிற்சாலைகள் இருக்கின்றன என்று விசாரிக்கத் தொடங்குங்கள். இரண்டில் எது நடந்தாலும், உங்களிடம் வேலை கற்றவரோடு பேசுவதை நிறுத்திவிடாதீர்கள். பதவியை அவர் கேட்டு வாங்கினாரா, கொடுத்ததைப் பெற்றுக்கொண்டாரா என்பதுகூட இன்னும் உங்களுக்குத் தெரியாது.